2016 ஃபைனல்ஸ் 7வது மேட்ச் பாக்ஸ் ஸ்கோர்: நல்லா ஷூட் பண்ண டீம் எப்படி தோத்துச்சு?

ஓரக்கோடு:
நேத்து ராத்திரி தூக்கம் வரல, சும்மா 2016 என்பிஏ பாஸ்கெட்பால் ஃபைனல்ஸ் 7வது மேட்ச் பாக்ஸ் ஸ்கோர (மேட்ச்சோட புள்ளிவிவரத் தாள்) எடுத்து வெச்சு பாத்துட்டு இருந்தேன். மேட்ச்ச எத்தன தடவ பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல, ஆனா நம்பர மட்டும் தனியா உக்காந்து படிச்சது இதான் மொத தடவ. ஜூன் 19, ஓக்லண்ட் ஓரக்கிள் அரீனா, கேவ்ஸ் (க்ளீவ்லண்ட் கேவலியர்ஸ்) 93, சொந்த கோர்ட்ல ஆடின வாரியர்ஸ் (கோல்டன் ஸ்டேட்) 89. டீம் கணக்கு இது (33/82ன்னா 82 ஷாட்ல 33 உள்ள; ஃபீல்ட் கோல்னா ஆட்டத்துல போடற ஷாட், த்ரீன்னா தூரத்துல இருந்து போடற மூணு பாயிண்ட் ஷாட், ஃப்ரீ த்ரோன்னா ஃபவுலுக்கு கிடைக்கற ஒரு பாயிண்ட் ஷாட், ரீபவுண்ட்னா மிஸ் ஆன பந்த புடிக்கறது):

கேவ்ஸ்: ஃபீல்ட் கோல் 33/82, அதுல த்ரீ 6/25, ஃப்ரீ த்ரோ 21/25, ரீபவுண்ட் 48
வாரியர்ஸ்: ஃபீல்ட் கோல் 32/83, அதுல த்ரீ 15/41, ஃப்ரீ த்ரோ 10/13, ரீபவுண்ட் 39

ஃப்ரீ த்ரோவ மூடிட்டு பாருங்க. ஃபீல்ட்ல இருந்து மட்டும் வாரியர்ஸ் 79 பாயிண்ட், கேவ்ஸ் 72. அப்போ ஏழு பாயிண்ட்ல வாரியர்ஸ் ஜெயிச்சிருக்கணும். ஃப்ரீ த்ரோல கேவ்ஸ் 11 அதிகம். 11ல 7 போனா 4. அவ்ளோதான் மேட்ச்சே. எல்லாரும் இத்தன வருஷமா கடைசில லெப்ரான் பண்ண அந்த ப்ளாக்க பத்தியும் கேவ்ஸ் கைரி போட்ட ஷாட்ட பத்தியும்தான் பேசுறோம், ஃப்ரீ த்ரோ பத்தி ஒருத்தர் வாய தொறந்து நான் பாக்கல.

டப்நேஷன்காரன்:
நல்லா இருந்த புண்ண கிளறிட்டீங்க. சொந்த கோர்ட்ல ஆடுற டீமுக்கு 13 ஃப்ரீ த்ரோ, வந்த டீமுக்கு 25. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், சொன்னா ரெஃப்ரி ரெஃப்ரின்னு அழுவுறான்னு சொல்லுவீங்க.

பெஞ்சுல_உக்காந்தவன்:
அழுதுட்டு "சொல்ல மாட்டேன்"னு வேற 😂
நண்பா வாரியர்ஸ் போட்ட 83 ஷாட்ல 41 த்ரீ, கிட்டத்தட்ட பாதி. வெளிய நின்னு எறிஞ்சுட்டே இருந்தா எவன் ஃபவுல் பண்ணுவான்? கேவ்ஸ் 57 ஷாட்ட உள்ள போய் இல்ல மிட்ரேஞ்ச்ல போட்டாங்க, இடிச்சுட்டு போனாங்க, விசில் வந்துச்சு. கேவ்ஸ்ல லெப்ரான் ஜேம்ஸ் ஒருத்தரே பத்து ஃப்ரீ த்ரோ போட்டு எட்டு உள்ள விட்டாரு, உங்க மொத்த டீமும் சேந்து 13.

கணக்குப்புள்ள:
ஓரக்கோடு சொன்னதுல ஒரு சுவாரசியம் இருக்கு, கொஞ்சம் நீட்டுறேன்.

டீன் ஆலிவர்னு ஒரு ஸ்டாட்ஸ் ஆளு "ஃபோர் ஃபேக்டர்ஸ்"னு ஒண்ணு சொன்னாரு. ஒரு டீம் ஜெயிக்க நாலு விஷயம்தான், ஷூட்டிங், டர்ன்ஓவர் (ஷாட் போடாம பந்த எதிராளிகிட்ட விடறது), ஆஃபென்ஸ் ரீபவுண்ட் (தன் டீம் மிஸ் பண்ண பந்த தானே புடிக்கறது), ஃப்ரீ த்ரோ. அவர் போட்ட வெயிட் 40, 25, 20, 15. அதாவது ஷூட்டிங்தான் ராஜா, ஃப்ரீ த்ரோ கடைசி பெஞ்ச். இந்த மேட்ச்ல எஃபெக்டிவ் ஃபீல்ட் கோல் வாரியர்ஸுக்கு 47.6, கேவ்ஸுக்கு 43.9. நாலு சதவீதம் கிட்ட வித்தியாசம், சாதாரணமா இந்த வித்தியாசம் இருந்தா அந்த டீம்தான் ஜெயிக்கும்னு கண்ண மூடிட்டு சொல்லலாம். டர்ன்ஓவர் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். ஆனா 100 ஷாட்டுக்கு எத்தன ஃப்ரீ த்ரோ உள்ள போச்சுன்னு பாத்தா கேவ்ஸ் 25.6, வாரியர்ஸ் 12. டபுளுக்கு மேல. கடைசி பெஞ்ச் பையன் வந்து ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்த கதை.

புதுசா_பாக்குறேன்:
அண்ணே எஃபெக்டிவ் ஃபீல்ட் கோல்னா என்னன்னு கொஞ்சம் சொல்லுங்க, சாதாரண சதவீதத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? 32/83ன்னா 38.6 தானே வருது, நீங்க 47.6ன்னு சொல்றீங்க.

கணக்குப்புள்ள:
த்ரீ பாயிண்டர் ஒண்ணு ரெண்டு பாயிண்டர் ஒண்ணரைக்கு சமம் இல்லயா, அதனால உள்ள போன த்ரீ ஒவ்வொண்ணுக்கும் அரை ஷாட் கூட சேப்போம். வாரியர்ஸ் 32 ப்ளஸ் 15ல பாதி 7.5, ஆக 39.5, அத 83ஆல வகுத்தா 47.6. கேவ்ஸ் 33 ப்ளஸ் 3, 36 பை 82. அவ்ளோதான்.

இதுலயும் ஃப்ரீ த்ரோ வராது. அதையும் சேக்கணும்னா ட்ரூ ஷூட்டிங் இருக்கு. மொத்த பாயிண்ட்ட, ஷாட் அட்டெம்ப்ட் கூட ஃப்ரீ த்ரோ அட்டெம்ப்ட்ட 0.44ஆல பெருக்கி சேத்து, வர்ற நம்பரோட ரெண்டு மடங்கால வகுக்கணும். போட்டு பாருங்க: கேவ்ஸ் 50.0, வாரியர்ஸ் 50.2. ரெண்டும் ஒண்ணு! 48 நிமிஷம் அடிச்சுக்கிட்டு கடைசில தராசு நடுவுல நிக்குது.

புதுசா_பாக்குறேன்:
0.44 எங்கிருந்து வந்துச்சு? ரெண்டு ஃப்ரீ த்ரோ ஒரு பொசஷன்னா (பந்து ஒரு டீம் கையில இருக்கற ஒரு முறை) 0.5 தானே வரணும்

கணக்குப்புள்ள:
நல்ல கேள்வி. எல்லா ஃப்ரீ த்ரோவும் ஜோடியா வராது. ஷாட் உள்ள போய் ஃபவுலும் வந்தா ஒண்ணே ஒண்ணு கூடுதலா கிடைக்கும், அந்த பொசஷன ஏற்கனவே ஷாட்டா எண்ணியாச்சு. டெக்னிக்கல் ஃபவுல் இருக்கு, த்ரீ போடறப்போ ஃபவுல் ஆனா மூணு கிடைக்கும். இதெல்லாம் சராசரியா பாத்தா 0.44 பக்கம் நிக்குதுன்னு கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. ஒரே மேட்ச்சுக்கு இது துல்லியமா இருக்காது, சும்மா ஒரு அளவுகோல்.

டப்நேஷன்காரன்:
சரி நம்பர்ல பேசுவோம்னா நானும் பேசுறேன். இது ஃப்ரீ த்ரோவும் இல்ல ஒண்ணும் இல்ல, அதிர்ஷ்டம். அந்த சீசன்ல எங்க ஸ்டெஃபன் கரி 886 த்ரீ போட்டு 402 உள்ள விட்ட மனுஷன், 45.4 சதவீதம், ஒரு ஓட்டு கூட சிதறாம எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கினவரு. க்ளே தாம்சன் 42.5. அன்னைக்கு கரி 4/14, க்ளே 2/10. ரெண்டு பேரும் சேந்து 24க்கு 6. அவங்க வழக்கமா போடற மாதிரி போட்டிருந்தா 10, 11 விழுந்திருக்கும். நாலு த்ரீ கூடுதல்னா 12 பாயிண்ட். நாங்க நாலு பாயிண்ட்ல தோத்தோம். 73 ஜெயிச்சு 9 தோத்த டீம் ஒரு ராத்திரி கை வழுக்கி போச்சு அவ்ளோதான் விஷயம்.

கேவ்ஸ்52:
ட்ரேமண்ட்ட மட்டும் சௌகரியமா மறந்துட்டீங்களே 🙂

அந்த சீசன்ல ட்ரேமண்ட் க்ரீன் த்ரீ 38.8 சதவீதம். அன்னைக்கு 6/8. வழக்கப்படி மூணுதான் விழுந்திருக்கணும், மூணு கூடுதலா விழுந்துச்சு, ஒம்பது பாயிண்ட் உங்களுக்கு இலவசம். டீமா சேத்து பாருங்க, சீசன் பூரா வாரியர்ஸ் த்ரீ 41.6, 41 ஷாட்டுக்கு 17 வரணும், வந்தது 15. ரெண்டுதான் குறைவு, ஆறு பாயிண்ட். இப்ப எங்க பக்கம் வாங்க. கேவ்ஸ் சீசன்ல 36 சதவீதம் பக்கம், 25 ஷாட்டுக்கு 9 விழணும், விழுந்தது 6. ஒம்பது பாயிண்ட் எங்களுக்கு குறைவு. அதிர்ஷ்டக் கணக்கு போட்டா நாங்க இன்னும் அதிகமா ஜெயிச்சிருக்கணும் நண்பா.

பெஞ்சுல_உக்காந்தவன்:
அய்யோ அடி விழுந்துருச்சு 😂😂

டப்நேஷன்காரன்:
ட்ரேமண்ட் பேர இழுத்ததால சொல்றேன், அவர் லைன எல்லாரும் ஒரு தடவ மரியாதையா எழுந்து நின்னு படிக்கணும். 32 பாயிண்ட், 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட் (கூட ஆடுறவன் ஷாட் உள்ள போக வழி பண்ண பாஸ்). ஷூட்டிங் 11/15, ஃப்ரீ த்ரோ 4/4. முதல் பாதியிலயே 22. ஒரு அசிஸ்ட் வந்திருந்தா ட்ரிபிள் டபுள் (மூணு கணக்குல பத்தோ அதுக்கு மேலயோ), ஃபைனல்ஸ் 7வது மேட்ச்ல. தோத்த டீம்ல இருந்ததால இன்னைக்கு யாருக்கும் ஞாபகம் இல்ல.

ஓரக்கோடு:
இத நானும் கணக்கு போட்டேன், வயிறு கலங்கிருச்சு. ட்ரேமண்ட்ட கழிச்சுட்டு மிச்ச வாரியர்ஸ் எல்லாரும் சேந்து 21/68. முப்பத்தி ஒரு சதவீதம் கூட இல்ல. த்ரீ 9/33. அந்தப் பக்கம் லெப்ரான கழிச்சா மிச்ச கேவ்ஸ் 24/58, 41 சதவீதம். லெப்ரான் சொந்தமா 9/24 தான், த்ரீ 1/5, டர்ன்ஓவர் அஞ்சு. ட்ரூ ஷூட்டிங் ட்ரேமண்டுக்கு 95, லெப்ரானுக்கு 47. பேர மறைச்சுட்டு இந்த ரெண்டு லைன ஒருத்தர்கிட்ட காட்டி எவன் கப்பு தூக்கினான்னு கேட்டா என்ன சொல்லுவாங்க?

ஸ்கோர்டேபிள்:
இங்கதான் நான் குறுக்க வர்றேன். காலேஜ் படிச்சப்போ ரெண்டு வருஷம் மேட்ச்சுக்கு ஸ்கோர்ஷீட் எழுதின ஆளு நான். அசிஸ்ட்ங்கறது பந்து மாதிரி கண்ணுக்கு தெரியற பொருள் இல்ல, டேபிள்ல உக்காந்திருக்கவன் எடுக்கற முடிவு. பாஸ் வாங்கினவன் பந்த ரெண்டு தடவ தரையில தட்டிட்டு ஷூட் பண்ணா அது அசிஸ்டா இல்லயா? நான் குடுப்பேன், பக்கத்துல இருக்கவன் குடுக்க மாட்டான். ஒரு மேட்ச் முடிஞ்சதும் ஒரு பாயிண்ட் கார்டு (பந்த கொண்டு போய் ஆட்டத்த நடத்தற ஆளு) வந்து எனக்கு ஏன் ரெண்டு அசிஸ்ட் குறையுதுன்னு அரை மணி நேரம் சண்ட போட்டான், டீம் 20 பாயிண்ட்ல ஜெயிச்சிருக்கு.

அதனால ட்ரேமண்டுக்கு 9, லெப்ரானுக்கு 11ன்னா ரெண்டு பேர் பாஸிங்ல அவ்ளோ வித்தியாசம்னு எடுத்துக்கக் கூடாது. நல்ல பாஸ் குடுத்தும் வாங்கினவன் மிஸ் பண்ணா ஷீட்ல ஒண்ணும் ஏறாது. கூட ஆடுறவங்க 31 சதவீதம் போடறப்போ 9 அசிஸ்ட் எடுக்கறதுங்கறது எனக்கு 11அ விட பெருசாத்தான் தெரியுது. லெப்ரான கொற சொல்லல, அவர் மூணு ப்ளாக் (எதிராளி ஷாட்ட தட்டி விடறது) ரெண்டு ஸ்டீலும் (பந்த பறிக்கறது) சேத்துதான் எடுத்தாரு.

கேவ்ஸ்52:
ஃபைனல்ஸ் 7வது மேட்ச்ல ட்ரிபிள் டபுள் எடுத்தது அதுவரைக்கும் மூணே பேர். 1969ல ஜெர்ரி வெஸ்ட் 42-13-12 (பாயிண்ட்-ரீபவுண்ட்-அசிஸ்ட்), 1988ல ஜேம்ஸ் வொர்தி 36-16-10, அப்புறம் லெப்ரான் 27-11-11. வெஸ்ட் அன்னைக்கு தோத்தாரு, தோத்தும் ஃபைனல்ஸ் எம்விபி குடுத்தாங்க, அந்த விருத கொண்டு வந்ததே அந்த வருஷம்தான். ஸோ தோத்த டீம்ல இருந்தா ஞாபகம் இருக்காதுன்னு டப்நேஷன்காரன் சொன்னது முழுசா சரி இல்ல.

சீரிஸா பாத்தா ட்ரேமண்டுக்கு வாய்ப்பே இல்ல. ஏழு மேட்ச்லயும் சேத்து பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், ப்ளாக் அஞ்சுலயும் ரெண்டு டீம்லயும் லெப்ரான்தான் முதல். சராசரி 29.7, 11.3, 8.9.

பெஞ்சுல_உக்காந்தவன்:
வெஸ்ட்ட இதோட ஒப்பிடறப்போ ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, ஸ்டீலும் ப்ளாக்கும் என்பிஏ அதிகாரபூர்வமா எண்ண ஆரம்பிச்சதே 1973-74 சீசன்ல. அதுக்கு முன்னாடி ஆடுனவங்க எத்தன ப்ளாக் பண்ணாங்கன்னு கடவுளுக்குத்தான் தெரியும். 1962ல வில்ட் சேம்பர்லேன் 100 பாயிண்ட் போட்டாரே ஹெர்ஷில, அதுல 36/63 ஷூட்டிங், ஃப்ரீ த்ரோ 28/32 வரைக்கும் எல்லாம் இருக்கு, ப்ளாக் காலம் மட்டும் காலி. (ஃப்ரீ த்ரோவுக்கு பேர் போன சொதப்பல் ஆளு அவரு, அன்னைக்கு மட்டும் 28 😄 ஓரக்கோடுக்கு சமர்ப்பணம்)

புதுசா_பாக்குறேன்:
ஒரு டவுட். கெவின் லவ் 9 பாயிண்ட் 3/9 ஷூட்டிங், ஆனா அவர் பேருக்கு நேரா +19ன்னு போட்டிருக்கு, ரெண்டு டீம்லயும் அதான் அதிகம். ஒம்பது பாயிண்ட் போட்டவரு எப்படி எல்லாரையும் விட நல்லா ஆடுனாருன்னு ஆகும்?

கணக்குப்புள்ள:
நல்லா ஆடுனாருன்னு அர்த்தம் இல்ல. அவர் கோர்ட்ல இருந்த நேரத்துல கேவ்ஸ் 19 பாயிண்ட் முன்னாடி, அவ்ளோதான் அது சொல்லுது. மொத்தம் 4ல ஜெயிச்சாங்க, அப்போ அவர் பெஞ்ச்ல இருந்த நேரத்துல 15 பின்னாடி. ஒரே மேட்ச் ப்ளஸ் மைனஸ வெச்சு யாரையும் புகழாதீங்க திட்டாதீங்க, கூட யார் ஆடுறாங்க, எதிர்ல யார் பெஞ்ச்ல இருக்காங்க எல்லாம் சேந்து கலங்கி வர்ற தண்ணி அது. நூறு இருநூறு மேட்ச் சேந்தாத்தான் தெளியும்.

ஸ்கோர்டேபிள்:
அதுக்காக லவ்வ ஒதுக்கிடாதீங்க. 14 ரீபவுண்ட் எடுத்தாரு. டீம் 48-39ன்னு ரீபவுண்ட்ல முன்னாடி போனதுக்கு அவர்தான் பெரிய காரணம். வாரியர்ஸ்ல ஆண்ட்ரூ போகட் அஞ்சாவது மேட்ச்லயே அடிபட்டு வெளிய போயிட்டாரு, அவர் இடத்துல ஸ்டார்ட் பண்ண எஸெலி 7வது மேட்ச்ல ஒரு பாயிண்ட் கூட போடல.

அப்புறம் கடைசி நிமிஷத்துல ஸ்விட்ச் ஆகி (யார் யார காக்கறதுன்னு ஆள் மாறி) கரி முன்னாடி தனியா நின்னது லவ்தான். சீசன் பூரா "இவருக்கு டிஃபென்ஸ் வராது"ன்னு ஏச்சு வாங்கின ஆளு. கரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஆட்டி ஆட்டி பாத்தாரு, லவ் கால நகத்திக்கிட்டே கூடவே இருந்தாரு, கடைசில கரி த்ரீ போட்டு மிஸ். பாக்ஸ் ஸ்கோர்ல அது எங்க இருக்கு தெரியுமா? கரியோட 4/14ல அந்த 14ல ஒண்ணா இருக்கு. லவ் லைன்ல ஒண்ணுமே இல்ல.

ஓரக்கோடு:
ஆஹா. இதே மாதிரிதான் அந்த ப்ளாக்கும். 1:50 மிச்சம், 89-89, வாரியர்ஸ் இக்வொடாலா லேஅப் (கூடைக்கு பக்கத்துல ஓடிப் போய் போடற ஷாட்) போகறாரு, லெப்ரான் பின்னாடி இருந்து ஓடி வந்து போர்டோட சேத்து அறைஞ்சாரு. ஷீட்ல என்ன இருக்கு, லெப்ரானுக்கு ப்ளாக் 3, அதுல ஒண்ணு இது. மத்த ரெண்டுக்கும் இதுக்கும் ஷீட்ல ஒரே மதிப்பு.

பெஞ்சுல_உக்காந்தவன்:
ஜே.ஆர். ஸ்மித்த விட்டுட்டீங்க. அவர் முன்னாடி குதிச்சதாலதான் இக்வொடாலா பந்த கீழ எறக்கி மறுபடி தூக்க வேண்டி வந்துச்சு, அந்த அரை செகண்ட் இல்லன்னா லெப்ரான் வந்து சேந்திருக்க முடியாது. ஸ்மித்துக்கு அதுக்கு என்ன கிடைச்சுது, பூஜ்யம்.

கணக்குப்புள்ள:
இப்ப கொஞ்சம் மாறிடுச்சு. 2013-14ல இருந்து எல்லா அரீனாவுலயும் மேல கேமரா வெச்சு யார் எங்க நிக்கறாங்கன்னு ட்ராக் பண்றாங்க, அதுக்கப்புறம் எத்தன ஷாட்ட மறிச்சாங்க, எத்தன பந்த தட்டி விட்டாங்க, ஸ்க்ரீன் போட்டு எத்தன ஷாட் ஆச்சுன்னு தனியா எண்ண ஆரம்பிச்சாச்சு. ஆனா மேட்ச் முடிஞ்சதும் நம்ம போன்ல பாக்கறது இன்னும் அதே பழைய பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட்தான்.

டப்நேஷன்காரன்:
எல்லாம் பேசிட்டீங்க, கடைசி அஞ்சு நிமிஷத்த யாரும் பேசலயே, நானே சொல்லித் தொலைக்கறேன். 4:39 இருக்கறப்போ க்ளே லேஅப் போட்டு 89-89 ஆக்கினாரு. அதுக்கப்புறம் நாங்க போட்ட ஷாட் எதுவும் விழல. வரிசையா ஒம்பது மிஸ். 43 நிமிஷம் 21 செகண்ட்ல 89 பாயிண்ட், மிச்ச 4:39ல பூஜ்யம். நாலாவது குவார்ட்டர் மொத்தமே 13. ஃப்ரீ த்ரோ, த்ரீ சதவீதம் எல்லாம் ஓரமா வைங்க, அந்த ஒம்பதுல ரெண்டு விழுந்திருந்தா இந்த இழையே இல்ல.

கேவ்ஸ்52:
நியாயமா சொன்னா நாங்களும் ஒண்ணும் கிழிக்கல. 4:39ல இருந்து 0:53 வரைக்கும் ரெண்டு டீமும் ஒரு பாயிண்ட் கூட போடல, கிட்டத்தட்ட நாலு நிமிஷம். அப்புறம் கைரி கரிக்கு மேல அந்த த்ரீ. கைரி அன்னைக்கு 26 பாயிண்ட், 10/23, த்ரீ 2/4, ஒரே ஒரு அசிஸ்ட். "ஒரு அசிஸ்ட் எடுத்த பாயிண்ட் கார்டா"ன்னு யாராவது கேட்டா அந்த ஷாட்ட காட்டுங்க, என் பேர்ல இருக்க 52, க்ளீவ்லண்ட் ஊர் ஒரு கப்பும் இல்லாம காத்திருந்த வருஷ கணக்கு, அங்கதான் முடிஞ்சுது.

இன்னொண்ணு, இத வாசிச்சுட்டு நாற்காலிய புடிச்சுக்கங்க. முதல் ஆறு மேட்ச் ஸ்கோர எழுதி கூட்டிப் பாருங்க. வாரியர்ஸ் 104, 110, 90, 108, 97, 101. கேவ்ஸ் 89, 77, 120, 97, 112, 115.

பெஞ்சுல_உக்காந்தவன்:
கூட்டினேன். 610. 610. விளையாடறீங்களா??

கணக்குப்புள்ள:
அப்போ 7வது மேட்ச்ல 89-89 இருக்கறப்போ சீரிஸ் மொத்தம் 699-699. 3-1ன்னு பின்னாடி இருந்த டீம், ஒரு மேட்ச்ல 33ல தோத்த டீம், ஏழாவது மேட்ச் கடைசி நிமிஷம் வரைக்கும் பாயிண்ட் கணக்குல துல்லியமா சமம். என்னோட ட்ரூ ஷூட்டிங் 50-50 இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

டப்நேஷன்காரன்:
இதுக்கு மேல எனக்கு தாங்காது, நான் கிளம்பறேன். சீரிஸ் 703-699, நாலு பாயிண்ட்டு, ஏழு மேட்ச்சுக்கு.

புதுசா_பாக்குறேன்:
அந்த நாலுல கைரி போட்டது மூணு. மிச்ச ஒண்ணு?

ஓரக்கோடு:
10.6 செகண்ட் மிச்சம் இருக்கறப்போ லெப்ரான் டங்க் பண்ண எழும்பி ட்ரேமண்ட் ஃபவுல் பண்ணி கீழ விழுந்து கைய புடிச்சுட்டு எழுந்தாரே, அதுக்கு கிடைச்ச ரெண்டுல முதல் ஒண்ணு மிஸ், ரெண்டாவது உள்ள. நான் மொத போஸ்ட்ல சொன்ன 21ல 21வது 🙂